ஓடிய கால்கள் ஓயும்போது... கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் நாய்களுக்கு முதுமைக்காலப் பராமரிப்பு!

நாட்டு நாய்களுக்கு இப்போது நல்ல காலம். கன்னி, சிப்பிப்பாறை, ராஜபாளையம் குட்டிகளைத் தேடி வெளி மாவட்டங்களிலிருந்தும் ஆட்கள் வருகிறார்கள். 2005-ம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய் அஞ்சல்தலைகளில் ராஜபாளையம் இடம்பிடித்தது. 2020 ஆகஸ்ட்டில் பிரதமரின் வானொலி உரையில் தமிழ்நாட்டு நாய் இனங்களின் பெயர்கள் ஒலித்தன. அதன்பிறகு தோட்டக் காவலுக்கு நாட்டு நாய் வளர்க்கும் ஆர்வம் இன்னும் கூடியது.

ஆனால், பேச்செல்லாம் குட்டியைப் பற்றித்தான். என்ன விலை, எந்த வீட்டுக் குட்டி, எத்தனை மாதத்தில் காது நிமிரும் என்று கேட்பவர்கள் பலர். அதே நாய்க்கு 9 வயதானால் என்ன செய்வது என்று கேட்பவர்கள் குறைவு. பத்து வருடம் தோட்டத்தைக் காத்த நாய், கண் மங்கி, கால் தாங்கி நடக்கும்போது, 'வயசாயிடுச்சு, அவ்வளவுதான்' என்று விட்டுவிடுவது பல இடங்களில் நடக்கிறது. சிலர் ஊருக்கு வெளியே கொண்டுபோய் இறக்கிவிட்டும் வந்துவிடுகிறார்கள். வளர்த்த பிராணியைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது, 1960-ம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

உண்மையில், 'வயசாயிடுச்சு' என்று சொல்லப்படும் பல தொல்லைகள் முதுமையே அல்ல. பல்வலி, உண்ணிக் காய்ச்சல், மூட்டுவலி, கருப்பைச் சீழ் என்று மருந்தோ அறுவை சிகிச்சையோ உள்ள நோய்கள். அவற்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால், நாயின் கடைசி மூன்று நான்கு ஆண்டுகளை வலியில்லாமல் கழிக்க வைக்கலாம்.

மெலிவு எது, நோய் எது?

இந்த மூன்று இனங்களும் கண்ணால் பார்த்து, வேகத்தால் விரட்டிப் பிடிக்கும் வகையைச் சேர்ந்தவை. ஆழமான மார்பு, ஒட்டிய வயிறு, நீண்ட கால், மெல்லிய தோல், குறைந்த கொழுப்பு. வெளிநாட்டு கிரேஹவுண்ட் நாய்க்கும் இதே உடல்வாகுதான். நன்றாக இருக்கும் நாய்க்கே கடைசி இரண்டு மூன்று விலா எலும்புகள் தெரியும். அதைப் பார்த்து 'தீனி பத்தவில்லை' என்று கொழுக்க வைப்பது தவறு. கூடுகிற ஒவ்வொரு கிலோவும் வயதான மூட்டுகளின் மீதுதான் இறங்கும்.

அதேசமயம், முதுகெலும்பு முள் முள்ளாகத் தெரிவதும், இடுப்பு எலும்பு புடைத்து நிற்பதும், தொடைச் சதை வற்றுவதும் இயல்பு அல்ல. சிறுநீரகக் கோளாறு, பல் நோய், குடற்புழு, புற்றுநோய் இவற்றில் ஒன்று உள்ளே இருக்கலாம். எடை பார்ப்பது எளிது. நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் நின்று, பிறகு தனியாக நின்று, வித்தியாசத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 8 வயதைத் தாண்டிய நாய்க்கு மாதம் ஒருமுறை இதைச் செய்யலாம். 20 கிலோ நாய் இரண்டு மாதத்தில் 2 கிலோ இறங்கினால் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும்.

மயக்க ஊசிக்கு முன் ஒரு வார்த்தை

கிரேஹவுண்ட் நாய்களை வைத்து நடந்த ஆய்வுகளில் தெரியவந்த சில விஷயங்கள், நம் வேட்டை நாய் வளர்ப்போருக்கும் முக்கியமானவை. முதலாவது, மயக்க மருந்து. தயோபென்டோன் வகை மயக்க மருந்து, சாதாரண நாயின் உடலில் சதைக்கும் கொழுப்புக்கும் பரவிவிடுவதால் சீக்கிரம் தெளிந்துவிடும். கொழுப்பே இல்லாத கிரேஹவுண்டில் அது ரத்தத்திலேயே அதிகம் தங்குகிறது. ஈரலும் அதை மெதுவாகவே சிதைக்கிறது. அதனால் தெளிவதற்குப் பல மணி நேரம் ஆகலாம், சில நேரம் உயிருக்கே ஆபத்தாகும். இன்று மாற்று மயக்க மருந்துகள் இருக்கின்றன. அறுவை சிகிச்சைக்கு முன், 'இது வேட்டை நாய் இனம், கொழுப்பு குறைவு' என்று மருத்துவரிடம் சொல்லி, நாயை எடைபோட்டு மருந்து கொடுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரத்தப் பரிசோதனை. கிரேஹவுண்டுக்குச் சிவப்பணுக்களின் அளவு மற்ற நாய்களைவிட இயல்பிலேயே அதிகம். 50 முதல் 65 சதவிகிதம் வரை இருக்கும். ரத்தத் தட்டணுக்கள் குறைவு. தைராய்டு ஹார்மோன் குறைவு. சதை அதிகம் என்பதால் கிரியாட்டினின் சற்றுக் கூடுதல். இது தெரியாமல் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்தால், இல்லாத தைராய்டு நோய்க்கும், இல்லாத சிறுநீரக நோய்க்கும் மருந்து கொடுக்க நேரிடும். நம் நாய்களும் அதே உடல்வாகு கொண்டவை என்பதால், ஒரு ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல் அறிகுறிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். இதற்குச் சிறந்த வழி, நாய் திடமாக இருக்கும் 6, 7 வயதிலேயே ஒருமுறை ரத்தப் பரிசோதனை செய்து, அந்தத் தாளைப் பத்திரப்படுத்துவது. பின்னாளில் ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

மூன்றாவது, அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று நாள் கழித்து ரத்தம் கசிவது கிரேஹவுண்டுகளில் காணப்படுகிறது. தையல் போட்ட இடத்தைச் சுற்றித் தோல் கருநீலமாகப் பரவினால் காத்திருக்க வேண்டாம். உடனே அழைத்துச் செல்லுங்கள்.

நொண்டினால் மூன்று சந்தேகம்

வயதான நாய் நொண்டுவதற்குப் பெரும்பாலும் மூட்டுத் தேய்மானமே காரணம். காலையில் எழும்போது விறைப்பாக இருக்கும், நாலு எட்டு நடந்தபின் சரியாகும். மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் கூடும். இதற்கு ஒரே நேரத்தில் நீண்ட தூரம் கூட்டிச் செல்வதை நிறுத்திவிட்டு, காலை மாலை இரண்டு வேளையும் 15 நிமிடம் மண் தரையில் நடத்த வேண்டும். நடையை ஒரேயடியாக நிறுத்தக் கூடாது. சதை வற்றினால் மூட்டுக்கு ஆதரவு போய்விடும்.

இரண்டாவது, பாதத்தில் ஆணி. மண்ணில் நடக்கும்போது சரியாக நடந்து, சிமென்ட் தரையிலும் சரளைக் கல்லிலும் மட்டும் காலைத் தூக்கினால், பாதத்தைக் கழுவிப் பாருங்கள். விரல் மெத்தையில் பயறு அளவுக்கு வட்டமாக, கெட்டியாக ஓர் இடம் தெரியும். கிரேஹவுண்ட் வகை நாய்களில் இது அடிக்கடி வரும். மருத்துவர் அதைச் சீவி எடுத்தால் உடனே நிம்மதி கிடைக்கும். மீண்டும் வளர வாய்ப்பு உண்டு. பிளேடால் வீட்டிலேயே அறுக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. எலும்புப் புற்றுநோய். உயரமான, நீண்ட கால் நாய்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். முன்னங்காலில் தோள்பட்டை அருகே அல்லது மணிக்கட்டுக்கு மேலே, பின்னங்காலில் முழங்காலை ஒட்டி வருவது வழக்கம். வலி மருந்து கொடுத்தும் இரண்டு வாரத்தில் நொண்டல் குறையாமல், நாளுக்கு நாள் கூடினால், கெட்டியான வீக்கம் தெரிந்தால், எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். 'சுளுக்கு' என்று நினைத்து உருவி விடுவதும், இறுக்கிக் கட்டுவதும் கூடாது. அரித்துப்போன எலும்பு ஒரு துள்ளலிலேயே முறிந்துவிடும். இந்தப் புற்று நுரையீரலுக்குப் பரவும் தன்மை கொண்டது. காலை எடுப்பதா, வலியைக் குறைத்து வைத்திருப்பதா என்பதை மருத்துவரோடு பேசி முடிவெடுக்க வேண்டும்.

வீட்டு மாத்திரை... உயிருக்கு வேட்டு!

நாய் நொண்டுகிறது என்றதும், வீட்டில் இருக்கும் வலி மாத்திரையைச் சோற்றில் வைத்துக் கொடுப்பது பலரின் பழக்கம். டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை நாயின் இரைப்பையைப் புண்ணாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாராசிட்டமால் அளவு மீறினால் ஈரலைத் தாக்கும். கழுகு இனங்கள் அழிந்ததால், கால்நடைகளுக்கு டைக்ளோஃபினாக் கொடுப்பது 2006-லேயே தடை செய்யப்பட்டது. நாய்க்கென்று மெலாக்ஸிகாம் போன்ற மருந்துகள் இருக்கின்றன. ஆனால், அளவையும் நாட்களையும் மருத்துவர்தான் எழுத வேண்டும். வலி மருந்து கொடுக்கும் நாட்களில் ஸ்டீராய்டு ஊசி சேரக் கூடாது. வேறு இடத்தில் ஊசி போட்டிருந்தால் அதை மறக்காமல் சொல்லுங்கள். மலம் தார்போலக் கறுப்பாகப் போனால் மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள்.

இதேபோல, மாட்டுக்கு வாங்கி வைத்த ஐவர்மெக்டின் ஊசியையும், உண்ணி மருந்தையும் கண் அளவில் நாய்க்குப் பயன்படுத்துவதும் ஆபத்து. 400 கிலோ மாட்டுக்கான மருந்தில் 20 கிலோ நாய்க்கு ஒரு மில்லி கூடினாலும் தள்ளாட்டம், நடுக்கம், மயக்கம் வரலாம்.

உண்ணிக் காய்ச்சல்: 28 நாள் கணக்கு

நாய் உண்ணி கடிப்பதால் எர்லிக்கியா, பெபீசியா என்ற கிருமிகள் ரத்தத்தில் சேரும். காய்ச்சல், சோர்வு, தீனி வெறுப்பு, வெளிறிய ஈறு, மூக்கில் ரத்தம் இவையெல்லாம் அறிகுறிகள். பெபீசியாவில் சிறுநீர் காப்பித்தண்ணீர் நிறத்தில் போகும். வயதான நாயில் இந்தச் சோர்வையும் மெலிவையும் முதுமை என்று நினைத்துவிடுவார்கள். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரையை வழக்கமாக 28 நாட்கள் கொடுக்கச் சொல்வார்கள். நாலாம் நாளே நாய் எழுந்து ஓடும். அதோடு மாத்திரையை நிறுத்தினால், கிருமி உள்ளே ஒளிந்திருந்து மாதக்கணக்கில் கழித்து மீண்டும் வரும்.

உண்ணி தன் வாழ்நாளில் பெரும்பகுதியை நாயின் உடம்பில் கழிப்பதில்லை. சுவர் வெடிப்பு, கூண்டின் இடுக்கு, கூரை ஓலை, பழைய சாக்கு இவற்றில்தான் இருக்கும். முட்டையிடுவதும் அங்கேதான். ஆகவே நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது. கூண்டை வெயிலில் காயவைத்து, வெடிப்புகளைப் பூசி அடைத்து, சாக்கை வாரம் ஒருமுறை வெந்நீரில் அலச வேண்டும்.

தண்ணீர் குடிப்பதைக் கவனியுங்கள்

ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல் தண்ணீர் குடித்தால் அது இயல்பு அல்ல. 20 கிலோ நாய்க்கு 2 லிட்டர். காலையில் அளந்து ஊற்றி, மறுநாள் காலை மீதியை அளந்தால் கணக்குத் தெரியும். சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் இரண்டுமே இப்படித் தொடங்கலாம். இரவில் வீட்டுக்குள் சிறுநீர் கழிக்கும் கிழட்டு நாயை அடிப்பதற்கு முன், இதை யோசிக்க வேண்டும். எலி நடமாடும் களத்திலும் வயலிலும் திரியும் நாய்க்கு, எலிக்காய்ச்சல் தடுப்பும் சேர்ந்த கூட்டுத் தடுப்பூசி அவசியம்.

கருத்தடை செய்யாத பெட்டை நாய்க்கு இன்னொரு ஆபத்து, கருப்பைச் சீழ். பருவம் முடிந்து ஒன்று, இரண்டு மாதத்துக்குள் அதிக தாகம், சோர்வு, வாந்தி, வயிறு பெருத்தல், பின்பக்கம் சீழ் வடிதல் தென்பட்டால் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். சீழ் வெளியே வராமல் உள்ளேயே தங்குவது இன்னும் மோசம். மடிக்காம்புகளை மாதம் ஒருமுறை தடவிப் பார்த்து, பயறு அளவு கட்டி இருந்தாலும் உடனே காட்டுங்கள். சிறிய கட்டியாக இருக்கும்போது எடுப்பது எளிது.

சில மணி நேரத்தில் உயிர் போகும் வயிறு உப்புசம்

ஆழமான மார்புள்ள நாய்களுக்கு இரைப்பை காற்றால் உப்பி, அப்படியே முறுக்கிக்கொள்ளும். வயிறு மத்தளம்போல இருக்கும். நாய் ஓங்கரிக்கும், ஆனால் ஒன்றும் வெளியே வராது. எச்சில் ஒழுகும், நிலைகொள்ளாமல் நடக்கும். இதற்குக் கைவைத்தியம் கிடையாது. சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுத்து நேரத்தைக் கடத்தினால் நாயை இழக்க நேரிடும். சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதைத் தவிர்க்க, ஒருவேளைத் தீனியை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து வையுங்கள். தின்றவுடன் ஓட விடாதீர்கள்.

தீனியும் பல்லும்

தென்மாவட்டங்களில் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் மோரும் ஊற்றி இந்த நாய்களை வளர்த்தார்கள். இளமையில் அது தாங்கும். முதுமையில் சதை வற்றாமல் இருக்கப் புரதம் கூடுதலாக வேண்டும். நன்றாக வெந்த கூழோடு அவித்த முட்டை, முள் நீக்கிய மீன், கோழிக்கறி, தயிர் சேர்க்கலாம். சிறுநீரக நோய் உறுதியானால் மட்டும் மருத்துவர் சொல்படி மாற்ற வேண்டும். வீட்டுக் குழம்பை ஊற்றிச் சோறு வைப்பது நல்லதல்ல. வெங்காயம், வெந்தாலும் வதங்கினாலும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். திராட்சையும் சாக்லேட்டும் கூடாது. வேகவைத்த எலும்பு, வயதான நாயின் பல்லை உடைத்து, மலத்தையும் கட்டிவிடும்.

வாய் நாற்றம் முதுமையின் அடையாளம் அல்ல, பல் நோயின் அடையாளம். கிரேஹவுண்ட் வகைக்கு இது சீக்கிரமே வரும். தட்டுக்கு அருகே வந்து முகர்ந்துவிட்டுத் திரும்பும் நாய்க்குப் பசி இருக்கிறது, வாய்தான் வலிக்கிறது. பல்காரையைச் சுத்தம் செய்து, ஆடும் பல்லை எடுத்துவிட்டால் மறுவாரமே தின்னத் தொடங்கும். மனிதர்களின் பற்பசை வேண்டாம். நாய்க்கான பசையோ, ஈரத் துணியோ போதும்.

படுக்கை, தரை, வெயில்

சதைப்பிடிப்பு இல்லாத முழங்கை, இடுப்பு, குதிகால் எலும்புகள் சிமென்ட் தரையில் அழுந்தினால் தோல் காய்த்து, பிறகு புண்ணாகும். நான்கு விரல் கனத்துக்குத் தேங்காய்நார் மெத்தையோ, மடித்த சாக்குகளோ போடுங்கள். வழுக்கும் டைல்ஸ் தரையில் சணல் விரிப்பு போட்டால் இடுப்பு விலகாது. தண்ணீர்ப் பாத்திரத்தை ஒரு செங்கல் உயரத்தில் வைத்தால் கழுத்து வலிக்காமல் குடிக்கும். மார்கழிப் பனியில் ஒரு பழைய போர்வை தேவை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கட்டவே கூடாது. இந்த நாய்களின் தோல் மெல்லியது. வேலிக் கம்பியில் கிழிந்தால் சின்னக் காயமாகத் தோன்றினாலும் தையல் தேவைப்படும்.

கடைசி முடிவு

எல்லாம் செய்தபின்னும் ஒரு நாள் வரும். தானாக எழ முடியவில்லை, பிடித்த தீனியையும் தொடவில்லை, மருந்துக்கும் வலி அடங்கவில்லை, நல்ல நாட்களைவிடக் கெட்ட நாட்களே அதிகம் என்ற நிலை வந்தால், மருத்துவரிடம் கருணை முடிவு பற்றிப் பேசலாம். முதலில் அமைதிப்படுத்தும் ஊசி, பிறகு மயக்க மருந்தை அதிக அளவில் செலுத்துவது என்று சில நிமிடங்களில் வலியின்றி முடியும். பழகிய கை ஒன்று தலைமேல் இருந்தால் நாய் பயப்படாது. வீட்டில் விஷம் வைப்பது கொடுமை, சட்டப்படியும் குற்றம். உடலைக் கிணறு, ஓடை அருகே இல்லாமல் குறைந்தது நான்கடி ஆழத்தில் புதைக்க வேண்டும். மருந்து கலந்த அந்த உடலை வேறு நாயோ பறவையோ தின்றால் அவையும் சாகும்.

வாரம் ஒருமுறை... பத்து நிமிடப் பரிசோதனை!

* ஈறு: இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறினாலோ, மஞ்சளானாலோ ஆபத்து.
* மூச்சு: தூங்கும்போது நிமிடத்துக்கு 30-க்குள் இருக்க வேண்டும்.
* உண்ணி: காதுக்குள், விரல் இடுக்கில், வாலடியில் பார்க்கவும்.
* பாதம்: ஆணி, முள், நீண்ட நகம்.
* எலும்பு: நான்கு கால்களையும் தடவி, ஒரு பக்க வீக்கம் உண்டா என்று ஒப்பிடவும்.
* முழங்கை, இடுப்பு: படுக்கைப் புண்.
* காய்ச்சல்: ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்தால் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு.

வாசகர் கேள்விகள்

'எங்கள் கன்னி நாய்க்கு 10 வயது. கண் நீலம் பூத்ததுபோல் இருக்கிறது. புரையா?'

எல்லா நீலமும் புரை அல்ல. வயதானால் கண்வில்லை இறுகி, நீலச் சாம்பல் நிறம் காட்டும். பார்வை பெரிதாகக் குறையாது. வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால், சாமான்களில் முட்டிக்கொண்டால் அது புரையாக இருக்கலாம். பஞ்சு உருண்டை ஒன்றை நாயின் முன்னால் சத்தமில்லாமல் போட்டுப் பாருங்கள். கண் அதைத் தொடர்ந்தால் பார்வை இருக்கிறது. கண் சிவந்து, கலங்கி, வலித்தால் அன்றே காட்டவும்.

'ராஜபாளையம் நாய் கூப்பிட்டால் திரும்புவதில்லை. தொட்டால் கடிக்க வருகிறது. புத்தி மாறிவிட்டதா?'

காது கேட்காமல் போயிருக்கலாம். வெள்ளை நிற ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேளாத குட்டிகளும் உண்டு. தூங்கும்போது திடீரெனத் தொட்டால் பயத்தில் கடிக்கும். தரையைக் காலால் தட்டி, அது விழித்த பிறகு அருகில் செல்லுங்கள். தொடும் இடத்தில் வலி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

'கிழட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி தேவையா?'

கட்டாயம். ஆண்டுதோறும் போட வேண்டும். வயதான நாயும் தெருநாயிடம் கடிபடும். குடற்புழு மருந்தையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கொடுங்கள். நோயில் படுத்திருக்கும் நாளில் மட்டும் ஊசியைத் தள்ளிப் போடலாம், அதையும் மருத்துவர் சொல்ல வேண்டும்.

'எங்கள் ஊர் மருந்தகத்தில் எக்ஸ்ரே இல்லை. எங்கே போவது?'

தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி மருத்துவமனைகள் சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு உள்ளிட்ட இடங்களில் இருக்கின்றன. போகும்போது பழைய ரத்தப் பரிசோதனைத் தாள், தடுப்பூசி அட்டை, தற்போது கொடுக்கும் மாத்திரையின் அட்டை மூன்றையும் கையில் எடுத்துச் செல்லுங்கள். எட்டு மணி நேரம் தீனி வைக்காமல் கொண்டுபோனால், தேவைப்பட்டால் அன்றே மயக்கம் கொடுத்துப் பார்க்க வசதியாக இருக்கும். தண்ணீரை மட்டும் நிறுத்த வேண்டாம்.